ஷிஃப்ட் மாறாத மாத்திரை

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் வினோலியாவின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் வாய் தெரியாதவர்கள் கிடையாது. ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவள். சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளை தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து ‘நூறு’ என்று வாழ்த்துகிற வீடுகள் அவை. அங்கே மெதுவாகப் பேசி வளர்ந்த பிள்ளை யாரும் இல்லை, இவள் அதிலும் ஒரு படி மேல். அப்பா சிரில் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவர். அவரே, “உன் தொண்டைய எங்க ஷாப்ல வெச்சா சைரனே வேணாம்மா” என்று மகளைக் கேலி செய்வார்.

அவள் படிப்பது ஃபார்ம்-டி. கல்லூரி பெங்களூரில். விடியும்போதே மாரிக்குப்பத்திலிருந்து வருகிற ரயிலில் தொற்றிக்கொண்டு போய், விளக்கு வைத்த பிறகு அதே கூட்டத்தோடு திரும்புவாள். ஆறு வருடப் படிப்பில் இது ஐந்தாவது. கடைசி வருடம் முழுக்க ஆஸ்பத்திரியில் பயிற்சி. அதை முடித்தால்தான் பட்டம். இதை ஊருக்குப் புரியவைப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

“ஆறு வருசமா? அப்போ டாக்டரா நீ?”

“இல்ல மாமா, ஃபார்மசி. மருந்தப் பத்திப் படிக்கிறது.”

“அப்போ மெடிக்கல் ஷாப்புன்னு சொல்லு. மாத்திரைய எடுத்துக் குடுக்க ஆறு வருசமா? மார்க்கெட் கடையில ஒரு பையன் எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயிலு. டகடகன்னு எடுத்துக் குடுக்குறான்!”

இப்படிக் கேட்டவர் பக்கத்து வீட்டு ராஜப்பா. தங்கச் சுரங்கத்தில் அதை மூடுகிற வரை வேலை செய்தவர். அங்கே சங்கத்தில் அவருக்கு ஒரு பொறுப்பு இருந்தது. யாருக்கு எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்பதில் ஓரவஞ்சனை நடக்காமல் பார்த்துக்கொள்வது. ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், அடுத்த வாரம் செகண்ட், அதற்கடுத்த வாரம் நைட் என்று எல்லோருக்கும் சுழன்று வர வேண்டும். எவனாவது ஒருத்தனையே தொடர்ந்து நைட்டில் போட்டுவிட்டார்களா, போச்சு. ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜின் வாசலில் ராஜப்பா குறுக்கே நின்றுவிடுவார். மேனேஜர் வந்தாலும் நகரமாட்டார். சுரங்கத்தை மூடிய பிறகு மனிதருக்கு மிச்சமிருந்தது அந்த முரட்டு நியாயமும், கொஞ்சம் மூச்சிரைப்பும், சர்க்கரையும், ரத்தக் கொதிப்பும்தான். கூடவே மனைவி கிருஷ்ணம்மா. இந்தக் கதையில் வினோலியாவுக்கு ஈடுகொடுத்துப் பேசக்கூடிய ஒரே ஆள்.

வினோலியா ஊரில் ஒரு மருந்து மேசை போட்டாள். அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் மாணவர் சங்கக் கிளை ஒன்று உண்டு. வினோலியா அதற்குச் செயலாளர். யாரும் போட்டிக்கு வராத பதவி, இவள் வாய்க்காகவே தேடிவந்தது. சேவை என்ற பெயரில் அதுவரை அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பேனர் பிடித்தபடி கல்லூரி வாசலிலிருந்து அடுத்த சிக்னல் வரை நடப்பார்கள். சிக்னலில் ஒரு ஃபோட்டோ. அப்புறம் சமோசா. அந்த ஊர்வலத்தைப் பார்த்து எந்த வியாதியும் பயந்து ஓடியதாகத் தகவல் இல்லை.

“சமோசா தின்றதுக்கா இத்தினி படிப்பு? எங்க ஊருக்கு வாங்க, வேலை காட்டுறேன்” என்றாள் வினோலியா.

முதலில் வந்தது நேத்ரா. பூதிகோட்டைப் பெண், விவசாயக் குடும்பம், வீட்டில் கன்னடம். பங்காரப்பேட்டையில் அதே ரயிலில் ஏறுகிறவள். வினோலியா பட்டாசு என்றால் நேத்ரா தண்ணீர்க் குடம். யோசித்து யோசித்து ஒரு வார்த்தை பேசுவாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். ஊரிகம் கால்பந்து கிளப்பின் பழைய அறையைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மேசை போட்டார்கள். ‘வீட்டில் இருக்கிற மருந்து எல்லாவற்றையும் பையோடு கொண்டுவாருங்கள். எது எதற்கு, எப்போது, எப்படி என்று சொல்கிறோம்.’ அவ்வளவுதான் விளம்பரம்.

பை பையாக வந்தது. அடேயப்பா, என்னென்ன கூத்து! ஒரே மருந்தை இரண்டு டாக்டர் இரண்டு பெயரில் எழுதிக்கொடுத்திருக்க, இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுத் தலைசுற்றிக் கிடந்த அம்மா ஒருத்தி. கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தை அடுப்பு மேடையில் வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தவர் ஒருவர். சுரங்கத் தூசி நெஞ்சில் படிந்து மூச்சுக்குத் திண்டாடிய இன்னொருவர், கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய மருந்தைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தார். “இது வயித்துக்குப் போச்சு, நெஞ்சுக்கு எப்பிடி வரும் அங்கிள்?” என்று வினோலியா கேட்டதும் அவர் திருதிருவென்று விழித்தார். எப்படி உறிஞ்சுவது என்று காட்டிக்கொடுத்தாள். அடுத்த வாரம் அவர் மூச்சு வாங்காமல் நடந்து வந்து உட்கார்ந்தபோது அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

இந்தப் பைகளில் பாதிக்கு மேல் டாக்டர் பிரதாப்பின் கிளினிக்கிலிருந்து வந்தவை. கைராசிக்காரர், கூட்டம் அலைமோதும். ஆனால் அவர் கிளினிக்கை ஒட்டிய கவுண்டரில் மாத்திரைகளைப் பிரித்து உதிரியாக வெள்ளைக் கவரில் போட்டுத்தான் கொடுப்பார்கள். பெயர் இருக்காது, ஒன்றும் இருக்காது. மாணவர்கள் நேரில் போய்ப் பணிவாகவே கேட்டார்கள்: “கவர் மேல மருந்து பேரும் வேளையும் எழுதினா நல்லாயிருக்கும் சார். தமிழ்ல, கன்னடத்துல, எதுலயாவது.” டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நீங்க மருந்துக் கடையில நிக்க வேண்டியவங்க. போய் அங்க நில்லுங்க” என்றார். வினோலியா வாயைத் திறப்பதற்குள் நேத்ரா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இந்த இடத்தில்தான் வினோலியாவுக்கு ஒரு யோசனை உதித்தது. அதுதான் வினையானது. காலை, மதியம், இரவு என்று சொன்னால் பெரியவர்கள் குழப்பிக்கொள்கிறார்களே, இவர்களுக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால் என்ன? மூன்று சின்னத் துணிப்பை தைத்தாள். வெள்ளையில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், மஞ்சளில் செகண்ட் ஷிஃப்ட், கறுப்பில் நைட் ஷிஃப்ட். சுரங்கத்தில் வேலை பார்த்த ஆண்களுக்கெல்லாம் ஆளுக்கு மூன்று பை.

“ஆங்! இத்தச் சொல்லு. இப்போ புரிஞ்சிது” என்றார் ராஜப்பா. ஆறு வருடப் படிப்பைக் கேலி செய்த வாயாலேயே, “பரவால்லமே, மூளை கீது உனக்கு” என்று பாராட்டும் வந்தது. வினோலியா தன் தோளைத் தானே தட்டிக்கொண்டாள். கல்லூரியில் அந்தப் பைகளின் படத்தைப் போட்டுக் கைதட்டலும் வாங்கினாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்; இவள் ஆனைக்குட்டிதானே.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை ராஜப்பா எழுந்திருக்கவில்லை. பாயெல்லாம் வியர்வை. உலுக்கினால் கண் செருகுகிறது. கிருஷ்ணம்மா போட்ட கூச்சலில் லைன் முழுக்க எழுந்து, ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். சர்க்கரை அதல பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் கண் திறந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார்கள்.

அவர் வீடு திரும்புவதற்குள் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. டாக்டர் பிரதாப்பே ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: படிப்பு முடிக்காத மருந்துக்கடைப் பிள்ளைகள் பை தைத்துக் கொடுத்து ஒரு பெரியவரைச் சாகக் கொடுக்கப் பார்த்தார்கள், ஜாக்கிரதை. கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. அந்த மேசையில் உட்கார்ந்து நன்றி சொன்னவர்கள்கூட ‘நானும் நெனச்சேன்’ என்று எழுதினார்கள். மனுஷ ஜாதியே இப்படித்தான்.

வினோலியா உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு நேராக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கிருஷ்ணம்மா கதவைத் திறந்தவுடனே ஆரம்பித்தார். “இன்னாமே, இன்னும் உசுரோட கீறாரான்னு பாக்க வந்தியா? பை தெச்சாளாம் பை! எந்தாலி இன்னா உனுக்குப் பாடப் புஸ்தகமா?”

“அத்தை, திட்டுங்க. எவ்ளோ வேணா திட்டுங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். மாமா மாத்திரைய எப்பிடிப் போட்டாரு?”

“நீ சொன்னாப்பலதான் போட்டாரு!”

“நான் சொன்னாப்பல போட்டிருந்தா சர்க்கரை இப்பிடி எறங்காது அத்தை. ஆஸ்பத்திரில யாராவது இத்தக் கேட்டாங்களா?”

கிருஷ்ணம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை என்று கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் யார் கொடுத்தது என்று கேட்டார்கள். எப்படிப் போட்டாய் என்று ஒரு பிள்ளை கேட்கவில்லை.

கட்டிலில் கிடந்த ராஜப்பாதான் பதில் சொன்னார். பெருமையாக வேறு சொன்னார். “கரெக்டாத்தான் போட்டேன். திங்கக்கெழம ஆனா ஷிஃப்ட் மாத்திடுவேன். வெள்ளப் பையில கீறத மஞ்சளுக்கு, மஞ்சள்ள கீறத கறுப்புக்கு, கறுப்புல கீறத வெள்ளைக்கு.”

வினோலியா விரல்விட்டு வாரங்களை எண்ணினாள். காலைச் சிற்றுண்டிக்கு முன்னால் போட வேண்டிய சர்க்கரை மாத்திரை. அது மூன்றாவது வாரம் நைட் ஷிஃப்டுக்குப் போய்விட்டது. மனிதர் அதைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு தூங்கியிருக்கிறார்.

“ஏன் மாமா மாத்துனீங்க?”

“இன்னா கேள்வி இது? வாரம் மாறுனா ஷிஃப்ட் மாறணும்ல? ஒரே ஆளையே நைட்ல போட்டுகினு இருந்தா அது ஞாயமா? மாத்திரைன்னா மட்டும் கேக்க நாதி இல்லியா?”

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு. இரண்டையும் செய்தாள். ஷிஃப்ட் என்று சொன்னது அவள். அது சுழலும் என்பது இந்த லைனில் பிறந்த அவளுக்குத் தெரியாதா? அப்பாவுக்கு ஷிஃப்ட் மாறுகிற வாரமெல்லாம் வீட்டுச் சமையலே மாறுமே! தெரிந்தும் மறந்தாள். சொல்லிக்கொடுத்தாள், சரி. ‘நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே மனிதர் திங்கட்கிழமைக் கதையை அவிழ்த்துவிட்டிருப்பார்.

மறுநாள் கல்லூரியில் பிரின்சிபால் ஈவ்லின் மேடம் கூப்பிட்டார். கெட்ட மனுஷி இல்லை, பயந்த மனுஷி. கல்லூரிப் பிள்ளைகள் கடைசி வருடப் பயிற்சிக்குப் போகிற பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரதாப்புக்குப் பங்கு இருந்தது. அவர் முடிவாகச் சொல்லிவிட்டாராம்.

“ஃபார்மசி வார விழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினரா கூப்பிட்டிருக்கோம். நீ மேடையில இதைப் படிச்சிடணும் வினோலியா. படிச்சா விஷயம் அங்கயே முடிஞ்சுது. இல்லைன்னா உனக்கு அந்த ஆஸ்பத்திரியில இடம் கிடையாது. மத்தப் பிள்ளைங்களுக்கும் பிரச்சினை வரலாம்.”

தாளில் மூன்றே வரி. மாணவர்களாகிய நாங்கள் எல்லை மீறினோம். நோயாளிகளிடம் மருந்தைப் பற்றிப் பேச எங்களுக்குத் தகுதியில்லை. இனிமேல் பேசமாட்டோம்.

“தப்பு செஞ்சேன்னு படிக்கிறேன் மேடம். என் பேரச் சொல்லியே படிக்கிறேன். ஆனா தகுதி இல்லைன்னு எப்படிப் படிக்கிறது? அப்போ இந்த அஞ்சு வருசம் எங்களுக்கு என்னதான் சொல்லிக்குடுத்தீங்க?”

மேடம் ஜன்னலைப் பார்த்தார். “படிச்சிடும்மா” என்றார்.

நேத்ராவும் அதையேதான் சொன்னாள். ரயிலில் வைத்து. “பேடா கணே வினோ, வேணாண்டி, சும்மா படிச்சிட்டு வா. மத்தவங்க எல்லாம் இந்தத் தாளுக்குச் சரின்னு சொல்லிட்டாங்க. நானும் சொல்லிட்டேன். எங்கப்பா நெலத்த அடமானம் வெச்சுப் படிக்க வெக்கிறாரு. எனக்கு வேற வழி இல்ல.” வினோலியா அவளோடு பேசவில்லை. பங்காரப்பேட்டை வருகிற வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். நேத்ரா இறங்கும்போது ‘வரேன்’ என்றாள், அதற்கும் பதில் இல்லை. அது அநியாயம்தான். கோபக்காரிக்கு நியாயம் ஏது.

வீட்டிலோ சிரில் வெடித்தார். “வாய மூடிகினு மூணு வரி படிச்சிட்டு எறங்கி வா! ஒரு டிகிரி, அதுவும் இன்னும் ஒரே வருசம். ஒன் ரோஷத்துக்கு அதப் பலி குடுக்கப் போறியா? ஃபேக்டரில எங்க ஃபோர்மேன்கிட்ட நான் செய்யாத தப்புக்கெல்லாம் சாரி கேட்டிருக்கேன். இன்னா கொறஞ்சு போச்சு?”

“உங்களுக்கு ராத்திரி பூரா பல்லக் கடிக்கிற வழக்கம் வந்துச்சே, அதுதான்ப்பா வந்துச்சு” என்றாள் மகள்.

சிரில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு உடனே தோன்றியது. ஆனால் சொன்னது உண்மை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப் அறை பூட்டிக் கிடந்தது. மேசை போடக் கூடாது என்று கிளப்பில் உத்தரவு. மேசைதானே போடக் கூடாது? கால் இருக்கிறதே! பை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக நடந்தாள். ஊரிகத்தில் முடித்து, அடுத்த குடியிருப்பான மைசூர் மைன்ஸ் பக்கமும் போனாள். சில வீடுகளில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றார்கள். திறந்த வீடுகளில் ஒரே கேள்விதான் கேட்டாள்: “எப்பிடிப் போடுறீங்க? எனக்குச் செஞ்சு காட்டுங்க.”

பயந்தது சரியாகிவிட்டது, ஐயோ. ராஜப்பா மட்டுமில்லை. சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் திங்கட்கிழமைதோறும் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு நீர் பிரிக்கிற மாத்திரை நைட்டுக்குப் போய், ராத்திரியெல்லாம் கழிவறைக்கு நடந்து வழுக்கி விழுந்து முழங்கை வீங்கிக் கிடந்தது. இன்னொருவர் ஒரு வாரம் தள்ளிப் பை வாங்கியவர், அவருக்கும் ராஜப்பாவுடைய அதே சர்க்கரை மாத்திரை. அடுத்த திங்கட்கிழமை அது நைட்டுக்கு வர இருந்தது. வினோலியா அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால்?

பைகளையெல்லாம் திரும்ப வாங்கினாள். சூரியன், சோற்றுத் தட்டு, நிலா என்று படம் வரைந்த கவர்களில் மாத்திரைகளை மாற்றிப் போட்டாள். ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்ட பிறகே எழுந்தாள். பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது அவளுக்குள் பயம் செத்துப் போயிருந்தது. தாளைப் படிக்க முடியாது என்பது இனி ரோஷம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

விழா நாள். அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் டாக்டர் பிரதாப் மாலையோடு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஈவ்லின் மேடம். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியது நேத்ரா. விருந்தினர் உரை முடிந்ததும், “இப்போது கிளைச் செயலாளர்” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினாள்.

வினோலியா குள்ளம். மைக் டாக்டரின் உயரத்தில் நின்றது. தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். கன்னடத்தில் தொடங்கினாள், நடுவில் ஆங்கிலம், கோபம் ஏற ஏறத் தமிழ் வந்து உட்கார்ந்தது.

“ராஜப்பா மாமா விழுந்ததுக்குக் காரணம் நான்தான். பை நான் தெச்சது. ஷிஃப்ட்னு நான்தான் சொன்னேன்.”

டாக்டர் மெல்லத் தலையாட்டினார்.

“ஆனா அவரு ஒருத்தர் மட்டும் இல்ல. வீடு வீடாப் போய்ப் பாத்தேன். பாதிப் பேருக்கு மேல அப்பிடித்தான் மாத்திப் போட்டுகினு இருந்தாங்க. இது இங்க யாருக்கும் தெரியாது. நான் சொல்றதால தெரியுது.”

அரங்கத்தில் சலசலப்பு. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிற பெண்ணை அவர்கள் முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். ஈவ்லின் மேடம் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். டாக்டர் முன்னால் சாய்ந்து, “அதான் நீயே ஒத்துக்கிட்டியே. தாள்ல இருக்கறதைப் படிச்சிட்டு எறங்கு” என்றார்.

“ஒத்துக்குறேன் சார். பேசிட்டுத் திருப்பிக் கேக்காம வந்தேன் பாருங்க, அது தப்பு. பேசினதே தப்புன்னு இந்தத் தாள் சொல்லுது. நான் பேசாம இருந்திருந்தா, வர்ற திங்கக்கெழம இன்னொருத்தர் விழுந்திருப்பாரு. என் தப்ப நானே தெருத்தெருவா அலைஞ்சு தேடுனேன். நாய்கிட்டக் கடி வாங்கறதுக்குக்கூடத் தயாராப் போனேன். பேர் எழுதாத கவர்ல நீங்க குடுக்கற மாத்திரை யார் யாரு வீட்ல எப்பிடிப் போகுதுன்னு யாரு சார் தேடுறாங்க?”

டாக்டரின் முகம் சிவந்தது. நேத்ராவைப் பார்த்து, மைக்கை எடு என்று கையால் வெட்டிக் காட்டினார். நேத்ரா ஈவ்லின் மேடத்தைப் பார்த்தாள். மேடம் எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். நேத்ரா மெதுவாக நடந்து மைக் அருகில் வந்தாள்.

வினோலியா நகரவில்லை. “எடுத்துக்கோ. மைக் இல்லாமயும் என் குரலு கேக்கும்” என்றாள்.

நேத்ரா கம்பியின் திருகைத் தளர்த்தினாள். மைக்கை வினோலியாவின் வாய்க்கு நேரே இறக்கி வைத்து, திருகை இறுக்கினாள். “பேசு கணே” என்றாள். அப்படியே அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அந்தத் தண்ணீர்க் குடத்துக்குள் இவ்வளவு நெருப்பா என்று கல்லூரியே வாயைப் பிளந்தது.

வினோலியா தாளைக் கிழிக்கவெல்லாம் இல்லை. மடித்தபடியே டாக்டரின் முன்னால் வைத்தாள். “இதுல முதல் வரிய வேணா வெச்சிக்கோங்க சார். மிச்சம் ரெண்டு வரி எங்களோடது இல்ல” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். டாக்டர் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார். பின் வரிசையிலிருந்து யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.

கைதட்டல் சோறு போடாது. அடுத்த வாரமே பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது: வினோலியாவுக்கும் நேத்ராவுக்கும் இடம் இல்லை. ஈவ்லின் மேடம் இருவரையும் கூப்பிட்டார். “நான் உங்களைத் திட்டணும். திட்டிட்டேன்னு வெச்சுக்கோங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வேற ஆஸ்பத்திரி நீங்க தேடுங்க, நானும் தேடுறேன். எங்க கிடைச்சாலும் நான் கையெழுத்துப் போடறேன்” என்றார். இதுவரை கிடைக்கவில்லை. கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிரில் மகளிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே சட்டையை மாட்டிக்கொண்டு, “மேசைக்கு இன்னா வழி?” என்று கேட்டார்.

வழியைக் கிருஷ்ணம்மா பார்த்துவிட்டார். கிளப் அறை இன்னும் பூட்டித்தான் இருந்தது. கிளப் செயலாளருக்கு டாக்டரிடம் பயம். கிருஷ்ணம்மா தன் வீட்டு மேசையிலிருந்த மிக்ஸியைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, சிரிலை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, மேசையைத் தூக்கிக்கொண்டுவந்து கால்பந்து மைதானத்தின் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டார். “இது எம்மேசை. எவனாவது எடுத்துப் பாக்கட்டும்” என்றார். ஸ்டேஷன் பக்கத்திலிருந்து நேத்ரா வந்தாள். அவளுக்குப் பின்னால், முன்பு சரி என்று தலையாட்டிய மற்றவர்களில் மூன்று பேர், வெள்ளைக் கோட்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு. வினோலியா நேத்ராவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

முதல் ஆளாக ராஜப்பா உட்கார்ந்தார். படம் வரைந்த கவர்களை மேசைமேல் பரப்பினார்.

“எப்பிடிப் போடுவீங்க மாமா? நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க.”

ராஜப்பா சர்க்கரை மாத்திரையை இரண்டு விரலால் எடுத்துச் சூரியன் படத்தின்மேல் வைத்தார். கேஜ் வாசலில் குறுக்கே நின்ற அதே குரலில் சொன்னார். “இது காலையில, நாஷ்டாவுக்கு முன்னாடி. இந்த வாரமும் காலையிலதான், அடுத்த வாரமும் காலையிலதான். இதோட ஷிஃப்ட மாத்தச் சொல்லி எவன் வந்தாலும் சரி, மேனேஜரே வந்தாலும் சரி, மாத்த மாட்டேன்.”

“பின்ன ஞாயம், மாமா?”

“இதான் ஞாயம்” என்றார் ராஜப்பா.

வினோலியா தலையை நிமிர்த்தினாள். மைதானத்து ஓரத்தில் பையோடு வந்து, கிட்டே வரலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றுகொண்டிருந்தார்கள் சிலர். வாட்ஸ்அப்பில் ‘நானும் நெனச்சேன்’ என்று எழுதியவர்களும் அதில் இருந்தார்கள்.

“அடுத்தவங்க வாங்க!” என்றாள், ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்படி.